குவார்டெட்டில் வியோலா: யாரைப் பின்பற்றி வாசிப்பது?

நடுக்குரல் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் உள்ள ஒரு பல்கலைக்கழக இசைப்பள்ளியில் வியோலாவில் (வயலினைவிடச் சற்றுப் பெரிய, தாழ்ந்த குரல் கொண்ட வாத்தியம்) முதுகலை முதலாண்டு படித்து வருகிறேன். எட்டு வயதில் கோயம்புத்தூரில் கர்நாடக வயலின் தொடங்கி, பள்ளிப் படிப்பு முடிவதற்குள் உள்ளூரில் பத்துப் பதினைந்து பாட்டுக் கச்சேரிகளுக்குப் பக்கவாத்தியம் வாசித்திருக்கிறேன். மேற்கத்திய வயலினும் வியோலாவும் அதற்குப் பிறகு வந்தவை. என் சிக்கல் அந்தப் பழைய பழக்கத்திலிருந்துதான் தொடங்குகிறதோ என்ற ஐயம் இருப்பதால் இதைச் சொல்கிறேன்.

எங்கள் பள்ளியில் சேம்பர் மியூசிக் (சிறு குழு இசை) கட்டாயப் பாடம். பருவத் தொடக்கத்தில் நான்கு பேரைப் பள்ளியே சேர்த்து ஒரு குழுவாக்கி, ஒரு படைப்பையும் கொடுத்துவிடும். வாரம் ஒரு மணி நேரம் பயிற்றுநர் கேட்டுத் திருத்துவார். மீதி ஒத்திகையெல்லாம் எங்கள் பொறுப்பு. பருவ இறுதியில் மேடையில் வாசிக்க வேண்டும். எங்களுடையது இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ கொண்ட குவார்டெட். எங்களுக்குக் கிடைத்திருப்பது செக் இசையமைப்பாளர் துவோர்ஷாக்கின் எஃப் மேஜர் குவார்டெட், ‘அமெரிக்கன்’ என்று பெயர் பெற்ற ஓபஸ் (படைப்பு எண்) 96. முதல் ராகமே (மெட்டு) வியோலாவில் தொடங்குகிறது என்பதால் பெயரைக் கேட்டதும் மகிழ்ந்து போனேன்.

சென்ற வாரம் வகுப்பிலேயே நடந்த சிறு கச்சேரியில் கடைசிப் பகுதியை வாசித்தபோது நடுவழியில் பிரிந்துபோனோம். ஒரு பக்கத்துக்குள் நான்கு பேரும் நான்கு இடத்தில் இருந்தோம். வாசிப்பை நிறுத்தி, மறுபடியும் ஓர் இடத்தைச் சொல்லிக்கொண்டு தொடங்க வேண்டியதாயிற்று. முதல் வயலின் வாசிப்பவர் என்னைத் திரும்பிப் பார்த்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பயிற்றுநர் கோபப்படவில்லை, ஆனால், “வியோலா எப்போதும் ஒரு மயிரிழை பின்னால் வருகிறது, யாரையும் பின்பற்றாதே” என்று மட்டும் சொன்னார். பின்பற்றக் கூடாது என்றால் எதைப் பற்றிக்கொண்டு வாசிப்பது என்பதுதான் என் கேள்வி. கையசைத்துக் குழுவை நடத்துபவர் இல்லாத இடத்தில் முதல் வயலினைப் பார்த்து வாசிக்காமல் வேறு யாரைப் பார்ப்பது?

இன்னும் இரண்டு கேள்விகள் உண்டு. நால்வரும் கைப்பேசி டியூனரை வைத்துத் துல்லியமாகச் சுருதி சேர்த்துக்கொண்ட பிறகும், நீண்டு நிற்கும் எஃப் மேஜர் கார்டு (எஃப், ஏ, ஸி ஸ்வரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிப்பது) புளித்தாற்போல் ஒலிக்கிறது, காரணம் விளங்கவில்லை. மேலும், காலப்பிரமாணம் முதல் வில் போக்கு வரை எல்லாவற்றையும் முதல் வயலினே முடிவு செய்கிறார். இதை மனத்தாங்கல் இல்லாமல் மாற்ற வழி இருக்கிறதா?

இரண்டாம் வயலின் எழுதியது:

தங்கைக்கு வணக்கம். குவார்டெட்டில் பல ஆண்டுகள் இரண்டாம் வயலின் வாசித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நடுவில் உட்காருகிறவர்களின் பாடு எனக்கு நன்றாகத் தெரியும்.

உங்கள் ஐயம் சரியானதே. பக்கவாத்தியம் வாசிக்கும்போது பாடகர் அடுத்த நொடி என்ன பாடப்போகிறார் என்பது உங்களுக்குத் தெரியாது. நிரவலும் கற்பனாஸ்வரமும் அந்தக் கணத்தில் பிறப்பவை. ஆகவே காது முதலில் கேட்கிறது, வில் அதன்பின் செல்கிறது. அந்தச் சிறு இடைவெளி அங்கே குறையே அல்ல, நிழல்போல ஒட்டிச் செல்வதாகக் கொண்டாடப்படும் திறமை அது. ஆனால் குவார்டெட்டில் எதிரில் இருப்பவர் அடுத்து வாசிக்கப்போவது ஏற்கெனவே அச்சிட்ட தாளில் இருக்கிறது. கேட்டபின் வாசித்தால் அது தாமதம். தெரிந்து வாசிக்க வேண்டும். அதாவது, உங்கள் பாகத்தை மனப்பாடமாகத் தெரிந்துகொள்வது பாதி வேலை. மற்ற மூவரின் பாகங்களையும் அதே அளவுக்குத் தெரிந்துகொள்வதுதான் மறுபாதி. நான்கு பாகங்களும் ஒரே பக்கத்தில் இருக்கும் ஸ்கோரை வாங்கி, ஒத்திகைக்குப் போகாத நாட்களிலும் வாத்தியத்தைத் தொடாமல் அதைப் படியுங்கள். உங்கள் பாகத்தை வாசித்துக்கொண்டே முதல் வயலினின் ராகத்தை வாய்விட்டுப் பாட முடிந்தால், அந்த இடத்தில் நீங்கள் இனிப் பின்தங்க மாட்டீர்கள். பாட்டுக் கச்சேரிக்கு வாசித்தவர் என்பதால் மற்ற மூவரையும்விட உங்களுக்கு இது எளிதாக வரும்.

வாத்தியத்தின் தன்மையையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். வியோலாவின் ஸி நரம்பு தடிமனானது. வில் பட்டவுடன் வயலின்போல அது பேசிவிடாது. முதல் வயலின் தலையசைக்கும் அதே நொடியில் நீங்கள் வில்லை நகர்த்தினால்கூட, கேட்பவர் காதுக்கு நீங்கள் பின்னால் வந்ததாகத்தான் படும். வில்லை முன்கூட்டியே நரம்பின்மேல் அமர்த்தி, அழுத்தம் கொடுத்துவைத்து, எழுத்தில் வல்லினம் தொடங்குவதுபோல ஒலியைத் தொடங்குங்கள். காற்றிலிருந்து இறங்கிவரும் வில் எப்போதும் தாமதமாகவே வந்து சேரும்.

இப்போது, யாரைப் பார்ப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். எங்களுக்குச் சொல்லித்தந்தவர்கள் ஒரு விதியைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள்: பொடி ஸ்வரங்கள் யார் கையில் இருக்கின்றனவோ அவரே காலத்தை நடத்துகிறார், ராகம் யாரிடம் இருந்தாலும் சரி. உங்கள் குவார்டெட்டின் தொடக்கத்தையே பாருங்கள். வயலின்கள் மினுமினுப்பாகப் பொடி ஸ்வரங்களை ஓட்டிக்கொண்டிருக்க, செல்லோ நீண்ட ஸ்வரத்தில் நிற்க, மூன்றாம் அட்சரக்கட்டில் (தாளில் கோடிட்டுப் பிரித்த தாளப் பகுதி) நீங்கள் ராகத்தை எடுக்கிறீர்கள். அங்கே பாடுகிறவர் நீங்கள், காலத்தைக் கையில் வைத்திருப்பவர்கள் வயலின்கள். கடைசிப் பகுதியிலோ துள்ளிச் செல்லும் தாளக்கட்டு பெரும்பாலும் நடுக்குரல்களிடம், அதாவது இரண்டாம் வயலினிடமும் உங்களிடமும் இருக்கிறது. நீங்கள் முதல் வயலினைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அவரோ உங்கள் தாளத்தின்மேல் சாய்ந்து வாசித்துக்கொண்டிருந்திருப்பார். நீங்கள் அவருக்காகக் காத்திருக்க, அவர் உங்களுக்காகக் காத்திருக்க, வேகம் தளர்ந்திருக்கும். செல்லோ வாசிப்பவர் பொறுக்க முடியாமல் முன்னே சென்றிருப்பார். அன்று நடந்தது ஏறக்குறைய இதுதான் என்று நினைக்கிறேன்.

இதைச் சரிசெய்ய, அடுத்த ஒத்திகையில் நால்வரும் சேர்ந்து வாசிப்பதை ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள். நீங்களும் இரண்டாம் வயலினும் மட்டும் கடைசிப் பகுதியை முழு வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கில் வாசியுங்கள். மற்ற இருவரும் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்கட்டும். அதன்பின் நீங்களும் செல்லோவும் வாசியுங்கள். தன் ராகத்துக்கு அடியில் இத்தனை நடக்கிறது என்பதை முதல் வயலின் வாசிப்பவர் முதன்முறையாகக் கேட்பார். அவரிடம் நீங்கள் வாயால் முறையிட வேண்டிய பாதி விஷயம் அங்கேயே தீர்ந்துவிடும். பிறகு நால்வரும் முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள். தொடக்கத்தில் முதல் வயலின் எடுக்கும் மூச்சு காதில் விழும். அந்த மூச்சிலேயே வேகம் இருக்கிறது.

முடிவுகள் பற்றி ஒரு வார்த்தை. ஒருவர் ஒரு யோசனை சொன்னால், அதை மறுப்பதற்கு முன் அரைமனதாக அல்லாமல் முழு நம்பிக்கையோடு ஒருமுறை வாசித்துப் பார்ப்பது என்று நால்வரும் ஒப்புக்கொள்ளுங்கள். எங்கள் குழுவில் வாக்குவாதத்தில் வீணான நேரம் இந்த ஒரே வழக்கத்தால் பெருமளவு குறைந்தது. அமெரிக்காவின் எமர்சன் குவார்டெட், 1976-இல் தொடங்கி 2023-இல் விடைபெறும்வரை, இரு வயலின் கலைஞர்களும் படைப்புக்குப் படைப்பு முதலிடத்தை மாற்றிக்கொண்டே வாசித்தது. அடுத்த பருவத்தில் உங்கள் குழுவும் இதை முயன்று பார்க்கலாம். இரண்டாம் நாற்காலியில் ஒரு பருவம் உட்கார்ந்தவர் முதல் நாற்காலிக்குத் திரும்பும்போது வேறு மாதிரி வாசிக்கிறார் என்பது நான் கண்டது.

மந்தரஸ்தாயி எழுதியது:

நான் செல்லோ வாசிப்பவன், ஆகவே சுருதி பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். இரண்டாம் வயலின் நண்பர் எழுதியதில் சேர்ப்பதற்கு எனக்கு ஒன்றும் இல்லை.

டியூனர் பொய் சொல்வதில்லை. ஆனால் அது சொல்வது பியானோவின் உண்மை. பியானோவில் ஒவ்வோர் அரை ஸ்வர இடைவெளியும் சரியாக 100 சென்ட் (சுருதி இடைவெளியை அளக்கும் அலகு). அதன்படி எஃப்-பிலிருந்து ஏ வரை 400 சென்ட். ஆனால் இரண்டு ஸ்வரங்களும் இழைந்து ஒன்றாக ஒலிக்கும் இயற்கையான இடைவெளி சுமார் 386 சென்ட்தான். அந்த 14 சென்ட் மிகையைத்தான் நீங்கள் புளிப்பு என்கிறீர்கள். பள்ளி இயற்பியல் பாடத்தில் விம்மல்கள் என்று படித்தோமே, அதே அலைவு நீண்ட கார்டுகளில் தெளிவாகக் காதில் விழும்.

திறந்த நரம்புகளால் சிக்கல் இன்னும் கூடுகிறது. ஸி, ஜி, டி, ஏ என்று நரம்புகளை ஒன்றுக்கொன்று துல்லியமான பஞ்சம இடைவெளியில் சேர்த்துக்கொண்டே போனால், ஸி-யிலிருந்து ஏ வரை மூன்று பஞ்சமங்கள் ஆகின்றன. அப்படிக் கிடைக்கும் ஏ, எஃப் மேஜர் கார்டில் செல்லோவின் ஸி-யோடு இழைய வேண்டிய ஏ-யைவிட ஏறத்தாழ 22 சென்ட் உயர்ந்து நிற்கும். அரை ஸ்வரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் இது. நால்வரும் தனித்தனியே சரி, சேர்ந்தால் தவறு என்பது இப்படித்தான் நேர்கிறது. இதனால்தான் பல குவார்டெட்டுகள் பஞ்சமங்களைச் சற்று இறுக்கிச் சேர்த்துக்கொள்கின்றன. வியோலாவும் செல்லோவும் தங்கள் ஸி நரம்பை ஒரு சிறிது உயர்த்திவைத்துக்கொள்வார்கள்.

உங்களுக்கு இதில் ஒரு வரம் இருக்கிறது, அம்மா. நல்ல தம்புராவின் மந்தர ஸட்ஜத்தை மீட்டிக் காத்திருந்தால், யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் தானாக எழுந்து கேட்கிறதல்லவா? சுயம்பு காந்தாரம் என்று நம்மவர்கள் சொல்லும் அந்த ஸ்வரம்தான் நான் சொன்ன 386 சென்ட். எட்டு வயதிலிருந்து உங்கள் காதில் ஒலித்துக்கொண்டிருக்கும் அந்தக் காந்தாரத்தை, எஃப்-பை ஸட்ஜமாகக் கொண்டு, ஏ-யில் தேடுங்கள். அந்தக் கார்டில் ஏ உங்களிடம் இருந்தால் திறந்த நரம்பில் வாசிக்காதீர்கள்; டி நரம்பில் விரல்வைத்து வாசியுங்கள், அப்போதுதான் இறக்க முடியும். முதலில் செல்லோ எஃப்-பைப் பிடிக்கட்டும், அடுத்து ஸி சேரட்டும், பஞ்சமம் அசையாமல் நின்ற பிறகு நீங்கள் கடைசியாக ஏ-யைக் கொண்டுவந்து விம்மல் அடங்கும்வரை மெல்லக் கீழே நகர்த்துங்கள். விப்ராட்டோ (விரலை அதிரவைக்கும் அசைவு) இல்லாமல் செய்ய வேண்டும். அடங்கும் நொடியில் கார்டு திடீரென்று பெரிதாக ஒலிக்கும். யாரும் சத்தமாக வாசித்திருக்க மாட்டார்கள்.

ராகம் நகர்ந்து செல்லும் இடங்களில் இந்தக் கணக்கை அப்படியே பொருத்தக் கூடாது. அங்கே ஒரு ஸ்வரம் அடுத்த ஸ்வரத்தை நோக்கி இழுபடுவதே அழகு. நிற்கும் கார்டுகளுக்கு மட்டும் சொன்னேன்.

மேடிசன்வாசி எழுதியது:

நான் கலைஞன் அல்ல. விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசனில் வசிக்கும் ரசிகன். பயிற்சி பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. ஆனால் பல்கலைக்கழக இசைப்பள்ளியில் படிக்கும் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஒன்றைத் தவறவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

1912-இல் பிரஸ்ஸல்ஸில் தொடங்கிய ப்ரோ ஆர்ட்டே குவார்டெட், 1940 மே மாதம் இங்கே விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பேத்தோவனின் குவார்டெட்டுகளை வரிசையாக வாசித்துக்கொண்டிருந்தது. மே 10 அன்று ஹிட்லரின் படைகள் பெல்ஜியத்துக்குள் நுழைந்தன. கலைஞர்களுக்குத் திரும்பிப் போக ஊர் இல்லாமல் போயிற்று. பல்கலைக்கழகம் அவர்களை இங்கேயே தங்கவைத்துக்கொண்டது; அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒரு குவார்டெட் நிரந்தரமாகக் குடியமர்ந்தது அதுவே முதல் முறை. பின்னர் இந்த ஏற்பாடு நாடெங்கும் பரவியது. ஹங்கேரியின் லிஸ்ட் அகாதமியில் 1975-இல் நான்கு மாணவர்கள் தொடங்கிய டாகாச் குவார்டெட் கொலராடோ பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்ததும், எமர்சன் குவார்டெட் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் கற்பித்ததும் அந்த வழியில் வந்தவையே.

உங்கள் பள்ளியிலும் ஆசிரியர்களின் குவார்டெட் ஒன்று இருந்தால், கச்சேரிக்கு மட்டும் போகாமல், அனுமதி கேட்டு அவர்களின் ஒத்திகையில் போய் ஓரமாக உட்காருங்கள். முடிந்த பொருளைக் கச்சேரியில் கேட்கலாம்; நான்கு பெரியவர்கள் ஒரே அட்சரக்கட்டுக்காக இருபது நிமிடம் எப்படிக் கருத்து வேறுபடுகிறார்கள், எப்படித் திரும்பி ஒன்றுசேர்கிறார்கள் என்பதை ஒத்திகையில்தான் பார்க்க முடியும். முதல் வயலின் பற்றிய உங்கள் வருத்தத்துக்கு அதைவிட நல்ல பாடம் இருக்காது.

நீங்கள் வியோலா என்பதால் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. ப்ரோ ஆர்ட்டே குழுவின் முதல் வயலின் அல்ஃபோன்ஸ் ஒன்னூ அதே 1940-இல் காலமானார். அவர் நினைவாக ஒரு படைப்பு வேண்டும் என்று இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியிடம் கேட்டவர், குழுவில் வியோலா வாசித்த ஜெர்மேன் ப்ரெவோ. 1944-இல் ஸ்ட்ராவின்ஸ்கி எழுதிக்கொடுத்த ‘எலெஜி’ தனி வியோலாவுக்கானது. ஒரே வாத்தியத்தில் இரண்டு குரல்கள், ஒலியடக்கி பொருத்தி வாசிக்க வேண்டும். முதல் வயலினை இழந்த ஒரு நடுக்குரலின் துயரம் அது என்று தெரிந்துகொண்டு கேட்டால் மனம் கலங்கிவிடுகிறது.

இரண்டாம் வயலின் எழுதியது:

மேடிசன் நண்பர் சொன்னதைப் படித்ததும் சேர்க்கத் தோன்றியது: துவோர்ஷாக் இளமையில் பிராகில் நாடக அரங்கின் இசைக்குழுவில் வியோலா வாசித்தே பிழைத்தவர். நியூயார்க்கில் இசைப்பள்ளி இயக்குநராக இருந்த காலத்தில், 1893 கோடை விடுமுறைக்கு அயோவா மாநிலத்தில் செக் மக்கள் குடியேறியிருந்த ஸ்பில்வில் என்ற சிற்றூருக்குப் போய், ஜூன் 8 முதல் 10 வரை மூன்றே நாட்களில் இந்தக் குவார்டெட்டின் முழு வரைவையும் எழுதி, 23-ஆம் தேதி முடித்தார். முதலில் வாசித்துப் பார்த்தது எந்தப் பெரிய குழுவும் அல்ல. அவ்வூர்ப் பள்ளி ஆசிரியரின் குடும்பத்தாரோடு தானே முதல் வயலினை எடுத்து உட்கார்ந்து வாசித்தார். அந்த முதல் ராகத்தை வியோலாவிடம் கொடுத்தவருக்கு, அந்த நாற்காலியிலிருந்து குவார்டெட் எப்படிக் கேட்கும் என்பது தெரிந்திருந்தது.

நடுக்குரல் எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன்.

இருவர் இருவராக வாசிக்கும் யோசனையை நான் சொன்னபோது முதல் வயலின் வாசிப்பவர் தயங்கினார். ஆனால் கேட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் பென்சிலை எடுத்துத் தன் தாளில் எழுதத் தொடங்கிவிட்டார். “இந்த இடத்தில் வியோலா” என்று ஏழெட்டு இடங்களில் எழுதியிருந்ததைப் பிறகு பார்த்தேன். நான் அவரைப் பார்ப்பதைவிட்டு இரண்டாம் வயலினின் வில்லைப் பார்த்து வாசித்தேன். கடைசிப் பகுதி இதுவரை மூன்று முறை முழுதாக நின்றது. பழைய பழக்கம் முழுதும் போகவில்லை. களைப்பாக இருக்கும் நாட்களில் காது மறுபடியும் முன்னே போய்க் காத்திருக்கிறது.

எஃப் மேஜர் கார்டுக்கு ஒரு மாலை முழுவதும் செலவிட்டோம். எஃப், ஸி, பிறகு நான். டி நரம்பில் விரலை நூலளவு நகர்த்தி நகர்த்தி, விம்மல் மெதுவாகி, மெதுவாகி, ஓரிடத்தில் நின்றுவிட்டது. செல்லோ வாசிப்பவர் தன் வாத்தியத்தின் பலகை மடியில் அதிர்கிறது என்று சொன்னார். எனக்குக் கோயம்புத்தூரில் என் குருவின் வீட்டுக் கூடமும் அங்கே மூலையில் சாய்ந்திருந்த தம்புராவும் நினைவுக்கு வந்தன. குழுவினரிடம் அதைச் சொல்லி விளக்க எனக்கு ஆங்கிலம் போதவில்லை; தம்புரா ஒலியைக் கைப்பேசியில் போட்டுக் காட்டினேன், புரிந்துகொண்டார்கள்.

ஒன்று மட்டும் இன்னும் கைவரவில்லை. மெதுவான இரண்டாம் பகுதியின் முடிவில் செல்லோ கடைசியாக ராகத்தைப் பாட, நாங்கள் மூவரும் வில்லாலும் விரலாலும் மாறி மாறித் துணை வாசிக்கும் இடத்தில், விரலால் மீட்டும் ஸ்வரங்கள் மூவருக்கும் ஒன்றாக விழுவதில்லை. முதல் வயலின் தலையசைத்தும் பயனில்லை.

மந்தரஸ்தாயி எழுதியது:

அந்த இடத்தில் தலையசைப்பை நிறுத்தச் சொல்லுங்கள். மூவரும் செல்லோ வாசிப்பவரின் வலது முழங்கையைப் பாருங்கள். வில் திசை மாறுவதற்கு முன் முழங்கை நகரத் தொடங்கும், அதுவே சைகை. மீட்டும்போது விரலை நரம்பில் முன்பே ஊன்றி வைத்து, இழுத்துவிடுவதற்குப் பதிலாக விரலின் சதைப் பகுதியால் பக்கவாட்டில் விடுவியுங்கள். தடித்த நரம்புக்காரரான நீங்கள் வயலின்களைவிட ஒரு கணம் முன்னே விடுவிக்க வேண்டியிருக்கும். செல்லோ நாற்காலியையும் அரையடி உட்புறமாகத் திருப்பிப் போடச் சொல்லுங்கள், முழங்கை மறையாமல் இருக்கும்.